வெளியூரில் நாடகம், கையில் நான்கு மணி நேரம்: சுற்றுப்பயண நடிகர்கள் கேட்கும் கேள்விகள்

முதல் முறை நாடகக் குழுவோடு வெளியூர் கிளம்பும் நடிகர்கள் நடிப்பைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அதையெல்லாம் ஒத்திகையிலேயே கேட்டு முடித்திருப்பார்கள். வண்டி ஏறிய பிறகு வரும் கேள்விகள் வேறு. பகல் முழுக்க என்ன செய்வது, ஊரைப் பார்க்கலாமா, தொண்டை கெட்டுவிடாதா, நேரத்துக்குத் திரும்பிவிட முடியுமா? நானும் ஒரு காலத்தில் மூத்தவர்களிடம் இதையெல்லாம் கேட்டவன்தான். அவர்கள் சொன்னதையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நாடகம் இருக்கிற நாளில் ஊர் சுற்றுவது சரியா? அறையில் படுத்து ஓய்வெடுப்பதுதானே பாதுகாப்பு?

வெளியே போங்கள். நாள் முழுக்க அறையில் கிடந்துவிட்டு நேராக ஒப்பனை அறைக்கு வந்து, அங்கிருந்து மேடை ஏறிய நடிகர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உடம்பு ஓய்ந்திருக்கும். ஆனால் முதல் காட்சி முழுவதும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் பேசுவது போலவே போகும். சூடு பிடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை இழப்பது காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவர்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். மாலையில் எதிரே உட்காரப்போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எந்த வேகத்தில் பேசுகிறார்கள், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறாரா குறுக்கே புகுகிறாரா, சிரிப்பு பட்டென்று வருமா நிதானமாக வருமா என்பதெல்லாம் தெருவில் அரை மணி நேரம் நின்றாலே காதில் விழுந்துவிடும். நேற்று வேறு ஊரில் ஒரு வசனத்துக்குப் பின் விட்ட இடைவெளியை இன்று இங்கேயும் அளந்து வைத்தது போல விட்டால், சிரிப்பு எழும் நேரத்தில் அடுத்த வசனம் போய்க்கொண்டிருக்கும். நகைச்சுவை வேடம் கட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

அதனால் ஊர் பார்ப்பதையும் அன்றைய வேலையில் ஒன்றாகத்தான் நான் வைத்திருக்கிறேன். வேலை என்பதால் வரம்பும் உண்டு: தொண்டை, கால், கடிகாரம். இந்த மூன்றையும் கெடுக்காத எதையும் செய்யலாம்.

உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஊர் வந்து சேர்ந்த நாளில் செட் போடுகிறவர்களுக்கும் விளக்கு கட்டுகிறவர்களுக்கும் காலையிலிருந்தே வேலை. நடிகருக்குப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மேடை கிடைக்கும். எந்தப் பக்கம் நுழைவது, எத்தனை அடி நடந்தால் வெளிச்சத்துக்குள் வருவோம் என்று ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய காலைப்பொழுது உங்களுடையது. சிறிய குழுவாக இருந்தால் அதுவும் கிடையாது, எல்லோரும் செட் இறக்கத் தோள் கொடுக்க வேண்டியதுதான்.

அடுத்தடுத்த நாட்களில் எழுந்ததிலிருந்து அழைப்பு நேரம் வரை, அதாவது நடிகர்கள் அரங்கத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம் வரை, உங்கள் நேரம். பகல் காட்சியும் மாலைக் காட்சியும் ஒரே நாளில் வந்தால், நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை ஊர் பார்க்கச் செலவிடாதீர்கள். அரங்கத்தைச் சுற்றி ஒரு நடை, சாப்பாடு, காலை உயர்த்தி வைத்து இருபது நிமிடம் படுக்கை. அவ்வளவுதான்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பிரிட்டிஷ் அரங்குகளில் 'அரை மணி' என்ற அழைப்பு திரை எழுவதற்கு 35 நிமிடம் முன்னால் வரும். முதல் காட்சிக்காரர்களை மேடைக்கு அழைப்பது 5 நிமிடம் முன்னால் என்பதால், அரை மணியை அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் அதே அழைப்பு சரியாக 30 நிமிடம் முன்னால் வரும். போகிற இடத்தில் எந்த வழக்கம் என்று ஸ்டேஜ் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒப்பனை நேரம், குரல் பயிற்சிக்கு அரை மணி, அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று முழுதாக ஒரு மணி நேரம். காட்சி 7 மணிக்கு என்றால் நான் 4 மணிக்கு அரங்க வாசலில் இருப்பேன்.

வார விடுமுறை நாளில் தூரமாகப் போகலாம் அல்லவா?

போகலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பல நாடுகளில் நாடக அரங்குகள் ஓய்வெடுப்பது திங்கட்கிழமை, நிறைய அருங்காட்சியகங்கள் மூடியிருப்பதும் அதே நாள். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். லூவரோ செவ்வாயன்றுதான் மூடும், திங்களன்று போகலாம். மாட்ரிட்டின் பிராடோவும் திங்களன்று திறந்திருக்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவே பார்த்துக்கொண்டால் பூட்டிய கதவு முன்னால் போய் நிற்க வேண்டாம்.

புது ஊரில் முதலில் எங்கே போவது?

தங்கும் இடத்திலிருந்து அரங்கத்துக்கு. அதுவும் நடந்து. போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெரு அடைபட்டாலும் இன்னொன்று கால்களுக்குத் தெரிந்திருக்கும். நடிகர் வாசல் எங்கே என்று அப்போதே பாருங்கள். பெரிய அரங்குகளில் அது முகப்பில் இருக்காது, பின்பக்கத்து வேறு தெருவில் இருக்கும். விலாசத்தை மட்டும் நம்பி வந்தால் அலங்கார விளக்குகள் எரியும் பூட்டிய முன்கதவுக்குத்தான் வந்து சேருவீர்கள்.

அரங்கத்துக்குள் விட்டார்கள் என்றால் மேடைக்குப் போகும் முன் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அங்கிருந்து மேடையில் நிற்கும் ஆள் எத்தனை விரல் உயரம் தெரிகிறார்? முகம் தெரிகிறதா, தோள் மட்டும்தானா? அந்த வரிசையில் இன்று மாலை ஒருவர் இருக்கப்போகிறார் என்று மனதில் வைத்துக்கொண்டால் கையசைவின் அளவே மாறும். ஒரு முறை கைதட்டியும் பாருங்கள். ஆளில்லாத அரங்கில் ஒலி நன்றாக நீண்டு ஒலிக்கும். அதில் மயங்க வேண்டாம், ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று, ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் போகிறது. கடைசி வரிசை 34 மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் சொல் அங்கே போக நொடியில் பத்தில் ஒரு பங்கு, அவர்கள் சிரிப்பு உங்களிடம் வர இன்னொரு பங்கு. பெரிய அரங்கில் சிரிப்பு தாமதமாக வருவது போலத் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு.

ஊர் சுற்றினால் குரல் போய்விடும் என்கிறார்களே?

நடப்பதால் குரல் போகாது, இரைச்சலில் பேசுவதால் போகும். சத்தம் நிறைந்த இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார்ட் 1911இல் இதை எழுதினார், இன்றும் அவர் பெயரில் லோம்பார்ட் விளைவு என்றே சொல்கிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை என்பதால் தடுப்பதும் கடினம். 'மெதுவாகப் பேசிக்கொள்கிறேன்' என்று நினைத்துக்கொண்டே கத்திக்கொண்டிருப்போம்.

எனக்கு இது ஒரு துறைமுக நகரத்தில் புரிந்தது. காலையில் நண்பர்களோடு படகில் போனோம். இயந்திரச் சத்தம், எதிர்க்காற்று. இரண்டு மணி நேரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தேன். கரை இறங்கும்போது தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை. மாலை நாடகத்தின் இரண்டாம் காட்சியில், தாழ்ந்த குரலில் தொடங்க வேண்டிய ஒரு வசனத்துக்கு வாயைத் திறந்தேன், காற்று மட்டும்தான் வந்தது. உரக்கப் பேசும் இடங்களில் சமாளித்துவிட்டேன். மெல்லப் பேசும் இடங்கள் அனைத்தும் போயின. குரல் களைத்தால் முதலில் போவது மென்மைதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு முறை அளவிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. மாலையில் இரண்டு மணி நேரம் அதைச் செய்யப்போகிறவை அவை. ஆகவே காட்சி நாளில் அருவி, படகு, மேளச் சத்தம், திறந்த வண்டி இங்கெல்லாம் போனால் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவதும் ஓய்வு ஆகாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். அடிக்கடி செருமுவதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மேடை ஏறும் முன் ஒரு குவளை குடித்தால் குரல் நனைந்துவிடும் என்று நினைக்கிறோம். குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய் வழியே போகிறது, குரல் நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். அந்தத் தண்ணீர் அவற்றைத் தொடுவதே இல்லை. உடம்பில் ஊறி, ரத்தத்தில் கலந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். காலையிலிருந்தே பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே நடங்கள். விமானத்தில் வந்து இறங்கிய நாளில் இன்னும் அதிகம் தேவை, உள்ளே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்.

காலுக்கு என்ன கவனம்?

புதுச் செருப்பைப் பயணத்தில் போட்டுப் பழகாதீர்கள். கருங்கல் பாவிய பழைய தெருக்களில் கணுக்கால் மடங்குவது ஒரு நொடி வேலை. பழைய ஐரோப்பிய அரங்குகள் சிலவற்றில் மேடையே பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும். மேடையின் பின்பகுதியை 'மேலே' என்றும் முன்பகுதியை 'கீழே' என்றும் ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கம் அந்தச் சரிவிலிருந்துதான் வந்தது. அப்படிப்பட்ட மேடை என்றால் கெண்டைக்கால் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும். அன்று கோபுரம் ஏறும் ஆசையை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். நடனமோ சண்டைக் காட்சியோ இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

நேரம் மாறும் நாடு, உயரமான ஊர் என்றால்?

உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஆறு மணி நேர வித்தியாசம் என்றால் பழக ஏறக்குறைய ஆறு நாள் வேண்டும், கிழக்கே போனால் இன்னும் சிரமம். இந்த விஷயத்தில் ஊர் சுற்றுவதே மருந்து. பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் கடிகாரம் திரும்பும். திரையை இழுத்து மூடிக்கொண்டு பகலில் தூங்கினால் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பீர்கள், மறுநாள் காட்சியின் நடுவில் கண் சொருகும். எந்த வேளை வெளிச்சம் உதவும் என்பது போகும் திசையையும் நேர வித்தியாசத்தையும் பொறுத்தது, கிளம்புமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உயரம் வேறு கதை. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஈக்வடாரின் கித்தோ 2,850, பொலிவியாவின் லா பாஸ் 3,600க்கும் மேல். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நீண்ட வசனம் பாதியில் அறுந்துவிடும். முதல் இரண்டு நாள் மேட்டுத் தெருக்களைத் தவிர்த்து மெல்ல நடங்கள். நடந்துகொண்டே அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து, புதிதாக எங்கே மூச்சு வாங்கலாம் என்று குறித்துவையுங்கள். மூச்சு எடுக்கும் இடம் மாறினால் வசனத்தின் பொருளும் கொஞ்சம் மாறும், அதை மேடையில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டாம்.

தனியாகப் போவதா, குழுவோடு போவதா?

இரண்டும் வேண்டும். ஆனால் முதல் நடை தனியாக இருக்கட்டும். ஏழு பேர் சேர்ந்து போனால் நம் பேச்சு நம்மைச் சுற்றி ஒரு சுவர் போல வந்துகொண்டே இருக்கும், ஊர் வெளியே நின்றுவிடும். தனியாகப் போகிறவர் எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதில் ஆண் பெண் வித்தியாசம் பார்க்காதீர்கள்.

நடிகருக்குப் பயன்படும்படி ஊரைப் பார்ப்பது எப்படி?

பெரிய இடங்களைப் பாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் எனக்கு அதிகம் கிடைத்தது வேலை செய்யும் மனிதர்களிடம்தான். பேருந்து நிலையம், பழுது பார்க்கும் கடை, நீதிமன்ற வாசல், மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் மரத்தடி. அங்கே யாரும் யாருக்காகவும் நடிப்பதில்லை.

ஒரு நாடகத்தில் எனக்குத் தையற்காரர் வேடம். ஊசியில் நூல் கோர்க்கும் ஒரு காட்சி உண்டு. ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு நூலை அதன் காதுக்குள் நுழைக்கத் தேடுவேன், எல்லோரும் செய்வது போல. ஒரு நகரத்தில் சந்து ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது, வாசலோரம் வெளிச்சத்துக்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு பெரியவர் தைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத் திண்ணையில் உட்கார்ந்தேன். நூலைப் பல்லால் அறுத்தார். முனையை நாக்கில் ஒற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூல் ஒரு மயிரிழை மட்டும் எட்டிப் பார்க்கும்படி அழுத்திப் பிடித்தார். பிறகு ஊசியைக் கொண்டுவந்து அந்த நூல்மேல் இறக்கினார். அசைந்தது ஊசிதான், நூல் அசையவே இல்லை. அத்தனை நேரமும் மூச்சைப் பிடித்திருந்தார் போலிருக்கிறது, நூல் மறுபக்கம் வந்ததும் தோள் இரண்டும் அரை அங்குலம் கீழே இறங்கின.

அந்தத் தோள் இறங்குவதை அன்று மாலை செய்தேன். அதற்குப் பின் வரும் வசனத்தை எந்த இடத்தில் தொடங்குவது என்று இருபது காட்சிகளாக எனக்கு இருந்த குழப்பமும் அதோடு தீர்ந்தது. தோள் இறங்கியதும் சொல் தானாக வந்தது.

பிரெஞ்சு நடிகரும் நாடக ஆசிரியருமான மோலியேர் பாரிஸில் பேர் வாங்குவதற்கு முன்னால், 1645 முதல் 1658 வரை குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தவர். தெற்குப் பிரான்ஸில் பெசனாஸ் என்ற ஊரில் ஒரு முடிதிருத்துபவர் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் அந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நடிகரைப் பற்றித் தெரிந்திருக்கிறது. முடிவெட்டும் கடையில் மனிதர்கள் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறார்கள், காவல் இல்லாமல் பேசுகிறார்கள்.

(நீங்கள் மட்டும் பயணத்தின் நடுவில் முடிவெட்டிக்கொள்ள வேண்டாம். வெயிலில் முகம் கறுத்துப்போவதும் அப்படித்தான், ஒப்பனைக்காரருக்குத் தினமும் கூடுதல் வேலை.)

பகலில் பார்த்ததை மாலையே மேடையில் சேர்க்கலாமா?

உங்கள் உடம்புக்குள் முடிகிற சிறு மாற்றம் என்றால் சேர்க்கலாம். தோள், பார்வை, ஒரு சிறு நிறுத்தம் போன்றவை. எதிரில் நிற்கும் நடிகரின் வேலையை மாற்றக்கூடிய எதையும் சொல்லாமல் செய்யாதீர்கள். அவர் ஒரு அசைவுக்காகக் காத்திருப்பார், அது வராமல் வேறொன்று வந்தால் அந்த நொடி இருவருக்குமே நாடகம் நின்றுபோகும். விளக்கும் இசையும் உங்கள் வசனத்தின் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான் இயங்குகின்றன. அதை மாற்றவே கூடாது.

உள்ளூர்த் தெருப் பெயரையோ சொல்லையோ வசனத்தில் நுழைத்துக் கைதட்டல் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நகைச்சுவை நாடகம், இயக்குநர் சம்மதம், உச்சரிப்பை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சரிபார்த்தாயிற்று என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சோக நாடகத்தில் அந்தக் கைதட்டல் கதையைக் கொன்றுவிடும்.

மொழி தெரியாத ஊர் என்றால் என்ன கேட்பது?

ராகத்தைக் கேளுங்கள். கேள்வி எப்படி மேலே போகிறது, மறுப்பு எப்படித் துண்டாக விழுகிறது, அம்மா குழந்தையை அதட்டும்போது எந்த அசை நீள்கிறது. பொருள் தெரியாத இடத்தில்தான் காது இதையெல்லாம் சுத்தமாகக் கேட்கும். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், அரங்கம் எங்கே: இந்த நான்கை மட்டும் அந்த மொழியில் சரியாகச் சொல்லப் பழகுங்கள். தங்குமிடத்தின் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் அந்த மொழி எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்தாலும் தாள் பேசும்.

மற்ற அரங்கங்களைப் பார்க்கப் போவது உதவுமா?

என்னைக் கேட்டால் நேரம் கிடைக்கும் ஊரில் எல்லாம் பாருங்கள். நம் தொழிலின் பழைய வீடுகள் அவை.

இத்தாலியில் விசென்சா பக்கம் போகிறவர்கள் தெயாத்ரோ ஒலிம்பிகோவை விட்டுவிடாதீர்கள். கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த அரங்கு அது. அவர் 1580இல் இறந்துவிட, மற்றவர்கள் கட்டி முடித்து 1585இல் முதல் நாடகம் நடந்தது. அப்போது மேடைக்குப் பின்னால் இன்னொரு கட்டடக் கலைஞரான ஸ்கமோட்சி மரத்தால் அமைத்த தெருக்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே போகப் போகத் தெரு குறுகும், தரை ஏறும், வீடுகள் சிறுக்கும். கொஞ்ச தூரமே உள்ள பாதை நீண்ட வீதியாகத் தெரியும். நடிகர் கண்ணோடு பார்த்தால் உடனே ஒரு கேள்வி வரும்: வளர்ந்த ஆள் அந்தத் தெருவுக்குள் நடந்து போனால் என்ன ஆகும்? கடைசி வீட்டருகே அவர் கூரையைத் தொடும் பூதமாகத் தெரிவார். அந்த மேடையில் நடிகருக்கு இடம் முன்பகுதிதான். செட் நம் நடையைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன்.

ஸ்டாக்ஹோம் அருகே டிராட்னிங்ஹோமில் 1766இல் கட்டிய அரண்மனை அரங்கு இருக்கிறது. மரச் சக்கரமும் கயிறுமாக அந்தக் காலத்து இயந்திரங்கள் இன்னும் இயங்குகின்றன. கீழே ஆட்கள் சக்கரத்தைச் சுற்றினால், மேடையின் இருபக்கத் தட்டிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்து பார்வையாளர் கண்முன்னே காட்சி மாறும். கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கு கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பதினான்காயிரம் பேர் அளவில் உட்காரலாம். கோடையில் அங்கே இப்போதும் நாடகம் நடக்கிறது.

இவ்வளவு பெயர் பெற்ற அரங்கு எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் ஒரு பள்ளி மண்டபத்திலாவது ஒரு சிறு குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டால் உள்ளே விடுவார்கள். மேடைக்காரர்கள் மேடைக்காரர்களைத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

வழி தவறி, நேரம் ஆகிவிட்டால்?

முதல் நிமிடத்திலேயே ஸ்டேஜ் மேனேஜரை அழையுங்கள். 'இன்னும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்' என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. அவருக்குத் தெரிந்தால் காட்சி வரிசையை, ஒப்பனையை, மாற்று நடிகரை ஏற்பாடு செய்ய முடியும்.

ஒரு முறை நான் ஆற்றின் மறுகரையில் இருந்தேன். மாலையில் ஏதோ ஊர்வலத்துக்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள். இன்னொரு பாலம் வெகு தூரம். திரை எழ இருபது நிமிடம் இருக்கும்போது ஓடி வந்து ஒப்பனை அறைக் கதவைத் திறந்தேன். மாற்று நடிகர் என் சட்டையைப் போட்டு மூன்றாவது பொத்தானில் கை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அந்த வேடத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து காட்சி நாளில் மதியத்துக்கு மேல் எனக்கும் அரங்கத்துக்கும் நடுவே ஆறோ, ரயில் பாதையோ, படகுத்துறையோ இருக்க விடுவதில்லை. நடந்தே திரும்பிவிடக்கூடிய பக்கத்தில்தான் இருப்பேன்.

நாடகம் முடிந்ததும் தூக்கம் வருவதில்லை. அப்போது வெளியே போகலாமா?

போவது நல்லது. இரண்டு மணி நேரம் விசை ஏறிய உடம்பு கைதட்டல் நின்றதும் அடங்கிவிடாது. படுக்கையில் புரள்வதைவிட இருபது முப்பது நிமிடம் மெல்ல நடப்பது உதவும். பகலில் பார்த்து வைத்த தெருவில் மட்டும், இருவராகப் போங்கள். இரைச்சலான இடத்தில் உட்கார்ந்து பேசினால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும், மறுநாளும் காட்சி இருக்கிறது.

உடம்பு சரியில்லாத நாளில் இதெல்லாம் வேண்டாம். பிரிட்டிஷ் நடிகர் ஹென்றி இர்விங் தன் விடைபெறும் சுற்றுப்பயணத்தில், 1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபோர்டில் நடித்து முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியதும் அங்கேயே சரிந்து இறந்துபோனார். வயது 67, ஏற்கெனவே உடல்நலம் கெட்டிருந்தது. மேடையில் வலி தெரியாது, இறங்கிய பிறகுதான் தெரியும். காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேட்டா எல்லாம் ஊர் சுற்றவே போய்விடுகிறதே?

நடப்பதற்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் காசு வேண்டாம். பூங்கா, நூலகம், ஆற்றங்கரை, ஒத்திகை பார்க்கும் குழு. ஒரு ஊருக்கு ஒரு கட்டணச் சீட்டு என்று வைத்துக்கொண்டால் பேட்டா மிஞ்சும்.

படம் எடுத்து உடனே போடலாமா?

ஊர்ப் படம் போடலாம், தங்கும் இடம் தெரியாதபடி, அங்கிருந்து கிளம்பிய பிறகு. செட் படமும் உடைப் படமும் குழு அனுமதி இல்லாமல் வேண்டாம். வேலை செய்பவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். நான் எடுப்பதே இல்லை. படம் இருக்கிறது என்ற தைரியத்தில் கண் சரியாகப் பார்ப்பதில்லை.

அந்த ஊருக்கு முன்பே போய் வந்தவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இது நம் மொழியில் இரண்டாயிரம் வருடப் பழக்கம். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வரும் கலைஞருக்கு வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை வைத்திருந்தோம். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர் உண்டு. நன்னன் என்ற குறுநில மன்னனிடம் போகும் கூத்தர் குழுவுக்கு, எங்கே பன்றிப் பொறி இருக்கும், எந்த வழி வழுக்கும், யார் வீட்டில் வரவேற்பார்கள் என்றெல்லாம் அதில் சொல்லப்படுகிறது. ஊரின் பெருமையோடு நிற்காமல் வழியில் கால் வைக்கும் இடத்தையும் சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் நீங்களும் கேட்க வேண்டும். அரங்கத்தின் ஒலி எப்படி, நடிகர் வாசல் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் சாலை அடைபடும், எங்கே அமைதியாக வசனம் சொல்லிப் பார்க்கலாம்.

கேட்டதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தடித்த நோட்டு ஒப்பனைப் பெட்டியோடு பயணம் செய்கிறது. ஊருக்கு ஒரு பக்கம். கடைசியாக நான் எழுதிய பக்கம் இது: "வாசல் பின் சந்தில், பச்சைக் கதவு. மேடையின் இடப்பக்கம் மூன்றாவது பலகை சத்தம் போடும். பால்கனிக்குக் குரல் போகிறது, கீழ்த் தளத்தின் கடைசி நான்கு வரிசைக்குப் போகவில்லை, தலையை நிமிர்த்திப் பேசவும். சிரிப்பு மெதுவாக வரும், காத்திருக்கவும். ஆற்றங்கரைப் படிக்கட்டில் காலை எட்டு மணிக்கு மேல் யாரும் இல்லை, குரல் பயிற்சிக்கு நல்லது. துணி துவைக்க வரும் ஒரு பாட்டி மட்டும் இருப்பார், அவருக்குப் பாட்டு பிடிக்கும்."